16 எழுத்துக்காக 4,000 எழுத்து: ஒரு சப்ஸ்ட்ரிங் விவகாரம்

2011-இல் நான் ஒரு நிறுவனத்தின் கைப்பேசி ரீசார்ஜ் பிரிவில் ஜாவா எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. ‘டூப்ளிகேட் செக்கர்’ என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் ஒரு நீளமான லாக் வரி வரும். அந்த வரியிலிருந்து 16 எழுத்துப் பரிவர்த்தனை எண்ணைப் பிய்த்தெடுத்து, இன்றைக்கு இதே எண் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பார்க்கும். வந்திருந்தால் எச்சரிக்கை அனுப்பும். வராவிட்டால் எண்ணை ஒரு ஹாஷ்செட்டில் (ஒரே மதிப்பை இரண்டாம் முறை சேர்க்காத ஒரு தொகுப்பில்) போட்டு வைத்துக்கொள்ளும். நள்ளிரவில் செட்டைக் காலி செய்யும். அதன் ஜோலி அவ்வளவுதான். 1 ஜிபி ஹீப், அதாவது ஓடும்போது பொருள்களை வைத்துக்கொள்ளும் நினைவகம், கொடுத்திருந்தோம். மாதக்கணக்கில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அது செத்துப்போனது. லாகில் கடைசி வரி ‘அவுட் ஆஃப் மெமரி’. திரும்பக் கிளப்பிவிட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் மறுபடியும் விழுந்தது. ஹீப்பை 2 ஜிபி ஆக்கினோம். இந்த முறை சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தது. பிரச்சினை இருக்கும் இடம் தெரியாதபோது எல்லோரும் செய்வது இதைத்தான். ஓட்டையை அடைக்காமல் பெரிய அண்டாவைத் தேடுவது.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு ‘சுத்திகரிப்பு’ ரிலீஸ் போயிருந்தது. புது வசதி எதுவும் இல்லை. பழைய கோடைத் துடைத்துப் பெருக்கினோம், அவ்வளவே. அதனால் அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான்.

ஹீப்பைத் திறந்து பார்த்தபோது

முதலில் ஜேமேப் கருவியை ஓட்டி, நினைவகத்தில் எந்த வகைப் பொருள் எத்தனை இருக்கிறது, எவ்வளவு பைட் பிடித்திருக்கிறது என்று பட்டியல் எடுத்தோம். முதல் வரிசையில் கேரக்டர் வரிசைகள், அதாவது எழுத்துகளை அடுக்கி வைக்கும் அர்ரேக்கள். ஜாவா ஆட்களுக்கு இது அதிர்ச்சி தரும் காட்சி அல்ல. எந்த ஜாவா சர்வரைத் திறந்தாலும் பெரும்பாலும் இதுதான் முதலிடத்தில் இருக்கும். உறுத்தியது வேறு. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) பொருள்களின் எண்ணிக்கையும் அர்ரேக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அர்ரேக்கள் பிடித்திருந்த இடத்தை எண்ணிக்கையால் வகுத்தால், ஒன்றுக்கு எட்டாயிரம் பைட் போல வந்தது. நாங்கள் சேர்த்து வைப்பதோ 16 எழுத்து எண். ஜாவா 6-இல் ஓர் எழுத்துக்கு 2 பைட், ஆக 32 பைட். அர்ரேயின் தலைப்புக்கு 16 பைட் சேர்த்தால் 48. மீதி எட்டாயிரம் எங்கிருந்து வந்தது?

அப்புறம் ஹீப் டம்ப் (ஹீப்பில் அந்த நேரத்தில் இருப்பதன் முழு நகல்) எடுத்து எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்தோம். ஹாஷ்செட்டிலிருந்து ஏதோ ஒரு ஸ்ட்ரிங்கைத் தொட்டு விரித்தேன். அதற்குள் நான்கு புலங்கள். ஆஃப்செட், அதாவது தொடங்கும் இடம், 212. கவுண்ட், அதாவது எழுத்து எண்ணிக்கை, 16. ஹாஷ் என்று ஏதோ ஓர் எண். வேல்யூ என்பது ஒரு கேரக்டர் அர்ரேக்கான ரெஃபரன்ஸ், அதாவது அது இருக்கும் இடத்தைச் சுட்டும் குறி. அந்த அர்ரேயின் நீளம் நாலாயிரம் சொச்சம். அதையும் விரித்தேன். உள்ளே முழு லாக் வரியும் அப்படியே உட்கார்ந்திருந்தது. நேரம், கடை எண், தொகை, மறுமொழி எக்ஸ்எம்எல், எல்லாமும். நாங்கள் எப்போதோ படித்து முடித்துக் கைகழுவிவிட்டதாக நினைத்திருந்த வரி. அதன் நடுவே 212-ஆவது இடத்திலிருந்து 16 எழுத்து மட்டும்தான் எங்களுக்கு வேண்டியது.

அந்த நேரத்தில் அறையில் இருந்த ஒருவருக்கும் வாய் திறக்கத் தோன்றவில்லை. ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்காக மரத்தையே வீட்டுக்குள் இழுத்து வைத்திருந்தோம், அதுவும் ஒரு லட்சம் மரம்.

நீக்கப்பட்ட ஒரு சொல்

பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் ஒரே வரியில் இருந்தது. பழைய கோடில் ‘நியூ ஸ்ட்ரிங்(வரி.சப்ஸ்ட்ரிங்(212, 228))’ என்று இருந்தது. புதியதில் வெறும் ‘வரி.சப்ஸ்ட்ரிங்(212, 228)’. சப்ஸ்ட்ரிங் என்பது ஒரு ஸ்ட்ரிங்கிலிருந்து ஒரு துண்டை எடுப்பது, இங்கே 212-இலிருந்து 228-க்கு முன்புவரை.

எடுத்தது அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி. எடுக்கச் சொன்னது நான். அந்த உரையாடல் இன்னமும் நினைவிருக்கிறது. அதில் வரும் ஃபைண்ட்பக்ஸ், கோடில் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டும் ஒரு கருவி.

“அண்ணா, இந்த இடத்துல ஃபைண்ட்பக்ஸ் திட்டுது. தேவையில்லாம ஸ்ட்ரிங்கை நகல் எடுக்குறோமாம்.”

“எங்க காட்டு. ஆமா, சப்ஸ்ட்ரிங்கே ஒரு புது ஸ்ட்ரிங்தான் தரும், அது மேல இன்னொரு நியூ எதுக்கு? எடுத்துடு.”

“டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதுண்ணா.”

“அப்போ என்ன, கமிட் பண்ணு.”

டெஸ்ட் பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? விடையில் ஓர் எழுத்துகூட மாறவில்லையே. மாறியதெல்லாம், அந்த விடை எதன் மேல் சாய்ந்து நிற்கிறது என்பது மட்டும். அதைப் பார்க்கும் டெஸ்ட் எங்களிடம் இல்லை.

ஃபைண்ட்பக்ஸ் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஸ்ட்ரிங் மாறாதது, அதனால் வெளிப்படையாக நகல் வேண்டுமென்றால் ஒழிய இந்தக் கன்ஸ்ட்ரக்டருக்கு (‘நியூ’ போட்டுப் புதுப் பொருளை உருவாக்கும் பகுதிக்கு) அவசியமில்லை என்று ஜாவாவின் சொந்த ஆவணமே சொல்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இடத்தில் அது சரியும்கூட. மிச்சமிருக்கும் ஓர் இடத்தில்தான் நாங்கள் நின்றோம். அந்த வரியை முதலில் எழுதியவர் விஷயம் தெரிந்தவர், வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். ஆனால் ஏன் என்று ஒரு கமெண்ட் போடவில்லை, வேலையை விட்டும் போய்விட்டார். தெரிந்து எழுதிய வரிக்கும் தெரியாமல் எழுதிய வரிக்கும் திரையில் வேற்றுமை கிடையாது.

பழைய ஜாவா உள்ளே எப்படி இருந்தது

ஜாவாவில் ஸ்ட்ரிங்கை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. இதனால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. ஒரே எழுத்து அர்ரேயை எத்தனை ஸ்ட்ரிங்குகள் வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளலாம். யாரும் எழுத முடியாது என்பதால் யாரும் யாரையும் கெடுக்க முடியாது. ஜாவாவை வடிவமைத்தவர்கள் இந்த வசதியைச் சப்ஸ்ட்ரிங்குக்குப் பயன்படுத்தினார்கள். நாலாயிரம் எழுத்திலிருந்து 16 எழுத்து கேட்டால், எழுத்துகளை நகல் எடுக்காமல், ‘அதே அர்ரே, 212-இலிருந்து, 16 எழுத்து’ என்று மூன்று தகவல் கொண்ட ஒரு சின்னப் பொருளை மட்டும் செய்து கொடுத்தார்கள். 16 எழுத்து கேட்டாலும் சரி, 16 லட்சம் கேட்டாலும் சரி, ஒரே செலவு.

வீட்டில் பேப்பர் சேர்க்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பேப்பரில் உங்கள் ஊரைப் பற்றி நாலு வரிச் செய்தி வந்திருக்கிறது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து டைரிக்குள் வைக்கலாம். வெட்டக் கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் மீதிப் பேப்பரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். இன்னொரு வழி, ‘இன்ன தேதிப் பேப்பர், 7-ஆம் பக்கம், மூன்றாம் பத்தி’ என்று டைரியில் குறித்து வைப்பது. அது ஒரு நொடி வேலை. ஆனால் அந்தக் குறிப்பு இருக்கும்வரை அந்தப் பேப்பரைக் கடையில் போட முடியாது. பத்து நாள் இப்படியே செய்தால் பரண் நிறைந்துவிடும்.

ஜாவாவில் பழைய பேப்பர்காரர் கார்பேஜ் கலெக்டர். யாரும் சுட்டாத பொருளை எடுத்துப் போவது அவர் வேலை. பாதி அர்ரேயை எடுத்துப்போக அவரால் ஆகாது. அர்ரே என்பது ஒரே பொருள். அதில் 16 எழுத்தை ஒருவர் சுட்டினாலும் முழுதும் உயிரோடுதான் இருக்கும்.

இப்போது எங்கள் கணக்குக்கு வரலாம். 64 பிட் ஜாவா 6-இல் ஒரு ஸ்ட்ரிங் பொருளின் தலைப்பு 12 பைட், நான்கு புலங்களுக்கு நாலு நாலாக 16 பைட், மொத்தம் 28. எட்டின் மடங்காக்கினால் 32. பின்னால் நிற்கும் 4,000 எழுத்து அர்ரே 8,016 பைட். ஆக, ஒவ்வொரு பரிவர்த்தனை எண்ணும் 8,048 பைட்டைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு லட்சம் எண்ணுக்கு 80 கோடியே 48 லட்சம் பைட். அந்தப் பழைய ‘நியூ ஸ்ட்ரிங்’ இருந்திருந்தால் ஸ்ட்ரிங்குக்கு 32, அர்ரேக்கு 48, ஆகக்கூடி 80 பைட். ஒரு லட்சத்துக்கு 80 லட்சம். ஹாஷ்செட்டின் சொந்தச் செலவு இரண்டுக்கும் பொது, அதை விட்டுவிடுகிறேன். நூறு மடங்கு வித்தியாசம், ஒரே ஒரு சொல்லால். 1 ஜிபி ஹீப் ஒன்றேகால் லட்சம் வரியிலேயே மூச்சுத் திணறியதில் ஆச்சரியமே இல்லை.

‘நியூ ஸ்ட்ரிங்’ ஏன் வேலை செய்தது என்பதும் பார்க்க வேண்டியது. அந்தக் கன்ஸ்ட்ரக்டரின் உள்ளே ஒரு சோதனை இருந்தது. வந்த ஸ்ட்ரிங்கின் அர்ரே, அதன் நீளத்தைவிடப் பெரியதாக இருந்தால் வேண்டிய துண்டை மட்டும் நகல் எடுக்கும். அளவு சமமாக இருந்தால் அதே அர்ரேயைப் பகிர்ந்துகொள்ளும். அதாவது அதை எழுதியவர்களுக்கே இந்தச் சிக்கல் தெரியும். பின்வாசல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, முன்வாசலில் ‘அவசியமில்லை’ என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

இன்னொரு தொல்லை, சப்ஸ்ட்ரிங் என்ற சொல்லை நீங்கள் எழுதியிருக்கவே வேண்டாம். ஸ்ப்ளிட் செய்தால் உள்ளே சப்ஸ்ட்ரிங். இரண்டு பக்கமும் வெற்றிடம் வெட்டும் ட்ரிம் செய்தால் சப்ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங் டோக்கனைசரும் அதுவே, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து அமைப்பைச் சொல்லித் தேடும் முறையில்) பொருந்திய பகுதியைக் கேட்டாலும் அதுவே. கமா வைத்துப் பிரித்து முதல் புலத்தை மட்டும் ஒரு மேப்பில் வைத்துக்கொண்ட எத்தனையோ புரோகிராம்கள் முழு வரியையும் சுமந்துகொண்டு திரிந்தன. ஜாவாவின் பிழைப் பட்டியலில் இந்தப் புகார் 2000-களின் தொடக்கத்திலேயே ஏறிவிட்டது. எண் 4513622.

நாங்கள் அந்த வரியைத் திரும்பப் போட்டோம். மேலே நாலு வரிக் கமெண்ட்டும் போட்டோம். ஃபைண்ட்பக்ஸுக்கு அந்த இடத்தில் மட்டும் வாயைக் கட்டினோம். புரோகிராம் பழையபடி யார் கண்ணுக்கும் படாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜாவா மனம் மாறியது

2012 ஆகஸ்டில் ஜாவா 7-இன் ஆறாவது அப்டேட் வந்தது. அதில் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆஃப்செட், கவுண்ட் இரண்டு புலங்களையும் எடுத்துவிட்டார்கள். அவை இல்லையென்றால் பங்கு போட வழியில்லை. அர்ரேயின் நீளம்தான் ஸ்ட்ரிங்கின் நீளம் என்று ஆகிவிடுகிறது. அதிலிருந்து சப்ஸ்ட்ரிங் எப்போதும் நகல் எடுக்கும்.

என் அபிப்பிராயத்தில் அது சரியான முடிவு. இரண்டு காரணம். ஒன்று, பெரும்பாலான புரோகிராம்களில் சப்ஸ்ட்ரிங்காக எடுப்பது சின்னச் சின்னத் துண்டுகள். 16 எழுத்தை நகல் எடுக்க ஆகும் நேரத்தை அளப்பதே கஷ்டம். இரண்டு, பங்கு போடும் வசதிக்காக ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் 8 பைட் வரி கட்டிக்கொண்டிருந்தது, ஒருபோதும் சப்ஸ்ட்ரிங் பக்கமே போகாத ஸ்ட்ரிங்கும் சேர்த்து. லட்சக்கணக்கில் ஸ்ட்ரிங் வைத்திருக்கும் சர்வர்களில் அது சும்மா போகிற காசு.

ஆனால் அதைச் செய்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஜாவா 8-க்குக் காத்திருக்காமல், ஓர் அப்டேட்டில் சத்தமில்லாமல் மாற்றினார்கள். சப்ஸ்ட்ரிங் எவ்வளவு செலவு என்று ஆவணத்தில் ஒருபோதும் எழுதியதில்லை, அதனால் வாக்கு மீறினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பதினைந்து வருடத்துக்கும் மேலாக இலவசமாகக் கிடைத்தது ஒன்றை நம்பி ஊரே வீடு கட்டியிருந்தது. நாங்களும் ஒன்று கட்டியிருந்தோம் என்பது அடுத்த வருடம்தான் தெரிந்தது.

மறுபக்கத்து அடி

2013-இல் ஜாவா 7-க்கு மாறினோம். டூப்ளிகேட் செக்கரில் ஒரு சலசலப்பும் இல்லை. ஆனால் பக்கத்தில் இன்னொரு புரோகிராம் இருந்தது. இரவில் வரும் ஒரு கணக்குத் தீர்வுக் கோப்பைப் படிப்பது அதன் வேலை. கோப்பில் வரி முறிவே கிடையாது, பத்து லட்சம் எழுத்தும் ஒரே மூச்சில் இருக்கும். அதை எழுதியவர் (இந்த முறை நானேதான்) ரொம்ப அழகாக எழுதியிருந்தார். கோப்பு முழுவதையும் ஒரு ஸ்ட்ரிங்காக வாங்கு. தலையிலிருந்து 20 எழுத்தை வெட்டு. ‘மீதி’ என்ற மாறியில் மிச்சத்தைச் சப்ஸ்ட்ரிங்காக வை. மீதி தீரும்வரை திரும்பச் செய்.

பழைய ஜாவாவில் இது பறந்தது. 50,000 தடவை ‘மீதி’ உருவாகும், ஒவ்வொன்றும் 32 பைட் பொருள், அவ்வளவுதான். புதிய ஜாவாவில் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் எல்லா எழுத்தும் நகலாகும். முதல் தடவை கிட்டத்தட்ட பத்து லட்சம், கடைசித் தடவை ஒன்றுமில்லை, சராசரி ஐந்து லட்சம். ஐம்பதாயிரத்தை ஐந்து லட்சத்தால் பெருக்கினால் 2,500 கோடி எழுத்து. எழுத்துக்கு 2 பைட் என்றால் 5,000 கோடி பைட். ஒரு கோப்புக்கு. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துகொண்டிருந்த வேலை, கோப்புக்குக் கோப்பு நொண்ட ஆரம்பித்தது. கோப்பு இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும். மாதக் கடைசியில்தான் கோப்பு பெரிதாக வரும். மாதக் கடைசியில்தான் எங்களுக்குப் போனும் வரும்.

இந்தத் தடவை ஹீப் டம்ப் தேவைப்படவில்லை. புரோகிராம் ஓடும்போது த்ரெட் டம்ப் (அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்ற பதிவு) மூன்று தடவை எடுத்தோம். மூன்றிலும் அது ஒரே இடத்தில் நின்றது, அர்ரே நகல் எடுக்கும் வரியில். திருத்தம் பத்து நிமிட வேலை. ‘மீதி’யைத் தூக்கிப் போட்டுவிட்டு, எந்த இடம் வரை படித்திருக்கிறோம் என்று ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம். ஸ்ட்ரிங்கின் இன்டெக்ஸ்ஆஃப், ஸ்டார்ட்ஸ்வித் இரண்டுமே ‘இந்த இடத்திலிருந்து பார்’ என்று ஓர் எண்ணை வாங்கிக்கொள்ளும். முன்பு ஜாவா எங்களுக்காக உள்ளே வைத்திருந்த ஆஃப்செட்டை இப்போது நாங்களே வெளியே வைத்துக்கொண்டோம்.

எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. ஸ்கேலா மொழியில் உரையைப் பிரித்துப் படிக்க உதவும் பார்சர் காம்பினேட்டர் நூலகம் நன்றாக அடிபட்டது. அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பார்சர், உள்ளீட்டின் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு தடவை ‘மிச்சத்தைக் கொடு’ என்று கேட்கிற மாதிரி எழுதப்பட்டிருந்தது. ஜாவா மாறியதும் அத்தனையும் நகல். கடைசியில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூல ஸ்ட்ரிங்குக்கான ரெஃபரன்ஸ், தொடக்கம், நீளம் மூன்றும் வைத்திருக்கும் ஒரு குட்டி வகுப்பைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். ஜாவா குப்பையில் போட்டதைப் பொறுக்கி எடுத்து வீட்டில் வைத்த மாதிரி. ஆனால் அது அங்கே பொருந்துகிறது. பார்சர் ஓடும்வரை மூல உரை எப்படியும் உயிரோடு இருக்கும், பார்சர் முடிந்தால் துண்டும் போய்விடும். குறிப்பும் பேப்பரும் ஒரே நாளில் கடைக்குப் போகின்றன.

எனக்கு இந்த இரண்டு சம்பவத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ‘மாறாத ஸ்ட்ரிங் என்றால் நகல் வேண்டாம், ரெஃபரன்ஸ் போதும்’ என்று நான் கல்லூரியில் படித்திருந்தேன், பிறருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். மாறாதது என்பது, பங்கு போட்டால் ஆபத்தில்லை என்பதற்கு மட்டும்தான் பதில். பங்கு போட்டவர்களில் யார் எவ்வளவு காலம் இருப்பார் என்பதற்கு அதில் பதில் இல்லை. துண்டு மூலத்தைவிடக் குறைந்த நாள் வாழ்ந்தால் ரெஃபரன்ஸ் லாபம். அதிக நாள் வாழ்ந்தால் நகல் லாபம். எங்கள் பரிவர்த்தனை எண் நள்ளிரவு வரை இருக்க வேண்டியது, அதன் வரியோ ஒரு நொடியில் போக வேண்டியது. கோப்பின் ‘மீதி’ அடுத்த சுற்றிலேயே போக வேண்டியது, கோப்போ கடைசிவரை இருந்தது. ஒரே சப்ஸ்ட்ரிங், நேரெதிர்த் தேவை. எந்த ஒரே விடையை ஜாவா தேர்ந்தெடுத்திருந்தாலும் இரண்டில் ஒருவர் அடி வாங்கியே தீரவேண்டும்.

பிறர் எப்படிச் சமாளிக்கிறார்கள்

சி ஷார்ப் முதலிலிருந்தே சப்ஸ்ட்ரிங்கை நகல் எடுக்கிறது. நகல் வேண்டாதவர்களுக்கு 2018-இல் ஸ்பான் என்ற தனி வகையைக் கொடுத்தது. பைத்தானிலும் துண்டு வெட்டினால் நகல்தான். முழு ஸ்ட்ரிங்கையும் ‘வெட்டினால்’ மட்டும் அதே பொருளைத் திருப்பிக் கையில் தரும், மாறாதது என்பதால் அதுவே போதும்.

கோ மொழி பழைய ஜாவாவின் பக்கம். அதில் ஸ்ட்ரிங் என்பது ஒரு முகவரியும் ஒரு நீளமும்தான், துண்டு எப்போதும் மூலத்தையே சுட்டும். எங்கள் ‘நியூ ஸ்ட்ரிங்’ போன்ற தேவை அங்கேயும் வந்து, 2022-இல் 1.18 பதிப்பில் குளோன் என்ற ஃபங்ஷனையே சேர்த்தார்கள். ஒரு நல்ல விஷயம், அதன் பெயரைப் பார்த்தாலே வேண்டுமென்று நகல் எடுக்கிறார்கள் என்று தெரிகிறது. எந்தத் தம்பியும் தேவையில்லை என்று எடுத்துவிட மாட்டான்.

குரோமிலும் நோடிலும் உள்ள வி8 எஞ்சின், 13 எழுத்துக்குக் குறைந்த துண்டை நகல் எடுக்கும், அதற்கு மேல் என்றால் மூலத்தைச் சுட்டும். எங்கள் 16 எழுத்து எண்ணை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் அதே குழியில் விழுந்திருப்போம். அங்கே ‘நகல் கொடு’ என்று கேட்க நேரான வழியும் கிடையாது. துண்டோடு ஏதாவது ஒட்டி, வேறு வடிவத்துக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவருவது போன்ற நாட்டு வைத்தியம்தான்.

எனக்கு அதிகம் பிடித்தது ஸ்விஃப்ட் செய்தது. 2017-இல் வந்த ஸ்விஃப்ட் 4-இல் துண்டுக்குத் தனி வகையே வைத்தார்கள். ஸ்ட்ரிங்கை வெட்டினால் கிடைப்பது ஸ்ட்ரிங் அல்ல, சப்ஸ்ட்ரிங் என்ற வேறு வகை. அது மூலத்தைப் பகிர்ந்துகொள்ளும், நீண்ட நாள் வைத்துக்கொள்ளாதே என்று ஆவணமும் சொல்லும். ஸ்ட்ரிங் கேட்கும் இடத்தில் அதைப் போட்டால் கம்பைலர் மறுக்கும், மாற்றிக் கொடுத்தே ஆகவேண்டும். அந்த மாற்றத்தில் நகல் நடக்கிறது. எங்கள் ஹாஷ்செட் ஸ்ட்ரிங் கேட்கும் செட்டாக இருந்திருந்தால், அந்தத் தவறு அன்று கமிட் ஆகியே இருக்காது. ரஸ்ட் இன்னும் ஒரு படி கறார், மூலம் போன பிறகு துண்டு இருக்க முடியாது என்பதைக் கம்பைல் செய்யும்போதே நிரூபிக்கச் சொல்லும்.

சி ப்ளஸ் ப்ளஸ் கதை தனி. அங்கே ஸ்ட்ரிங் மாறக்கூடியது, ஆனாலும் ஒரு காலத்தில் ஜிசிசி என்ற கம்பைலர் பல ஸ்ட்ரிங்குகளை ஒரே நினைவிடத்தைப் பகிர வைத்து, யாராவது எழுதப் போனால் அப்போது நகல் எடுத்தது. 2011-இன் தர நிர்ணயம் அந்த உத்திக்கு இடமில்லாமல் செய்ய, 2015-இல் ஜிசிசி 5 வேறு வடிவத்துக்கு மாறியது. பிறகு 2017-இன் தரத்தில் ஸ்ட்ரிங் வியூ வந்தது. அது வெறும் முகவரியும் நீளமும். மூலத்தைப் பிடித்து வைக்கும் கார்பேஜ் கலெக்டர் அங்கே இல்லை. எங்கள் பிரச்சினை, குறிப்பு இருப்பதால் பேப்பரைப் போட முடியவில்லை என்பது. அங்கே பேப்பர் கடைக்குப் போய் அரைக்கப்பட்டுவிட்டது, கையில் ‘7-ஆம் பக்கம், மூன்றாம் பத்தி’ என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பரண் நிறைவதையே தேர்ந்தெடுப்பேன்.

நகலுக்கான விலை

நகல் எடுப்பதென்று முடிவு செய்தபின் ஜாவாக்காரர்கள் அந்த நகலைச் சிறிதாக்கும் வேலையில் இறங்கினார்கள். 2014-இல் ஜாவா 8-இன் இருபதாவது அப்டேட்டில், ஜி1 கார்பேஜ் கலெக்டருக்கு ஒரு புது வேலை கொடுக்கப்பட்டது. ஒரே எழுத்துகள் கொண்ட பல ஸ்ட்ரிங்குகளைக் கண்டால் அவற்றையெல்லாம் ஒரே அர்ரேயைச் சுட்ட வைப்பது. கேட்டால்தான் செய்யும், தானாகச் செய்யாது. ஒவ்வொரு லாக் வரியிலிருந்தும் ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று நிலையை வெட்டி வைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது வரப்பிரசாதம். இதிலும் பகிர்வுதான் நடக்கிறது, ஆனால் அளவு சரியாகப் பொருந்துகிறவர்கள் மட்டும் பகிர்கிறார்கள். தேவைக்கு மேல் ஒரு பைட்டை யாரும் பிடித்து வைப்பதில்லை.

2017-இல் வந்த ஜாவா 9-இல் லத்தீன் எழுத்துகள் மட்டும் கொண்ட ஸ்ட்ரிங்குக்கு எழுத்துக்கு 1 பைட் போதும் என்று ஆனது. எங்கள் பரிவர்த்தனை எண் 80 பைட்டிலிருந்து 56-க்கு இறங்கியிருக்கும். தமிழுக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘தமிழ்’ என்ற சொல் ஜாவாவின் கணக்கில் 5 எழுத்து, 10 பைட். நாலாயிரம் ஆங்கில எழுத்துக்கு நடுவே ஒரே ஒரு ‘அ’ வந்துவிட்டாலும் முழு ஸ்ட்ரிங்கும் 2 பைட்டுக்குத் தாவிவிடும். தமிழில் சப்ஸ்ட்ரிங் எடுக்கிறவர்களுக்கு வேறொரு தலைவலியும் உண்டு. ‘மி’யை மகரத்துக்கும் இகரக் குறிக்கும் நடுவே வெட்டிவிட்டு, எழுத்து ஏன் உடைகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அது இன்னொரு நாள் பேச வேண்டியது.

அந்த வரிக்கு என்ன ஆயிற்று

டூப்ளிகேட் செக்கரில் ‘நியூ ஸ்ட்ரிங்’ வரி, நாலு வரிக் கமெண்ட்டோடு, ஜாவா 7-க்கு மாறிய பிறகும் அங்கேயே இருந்தது. இப்போது அது நிஜமாகவே தேவையில்லை. புதிய ஜாவாவில் சப்ஸ்ட்ரிங் ஏற்கெனவே நகல் எடுத்துவிடும். அதன்மேல் ‘நியூ’ போட்டால், அதே அர்ரேயைச் சுட்டும் 24 பைட் பொருள் இன்னொன்று உருவாகி, பழையது உடனே குப்பைக்குப் போகும். கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

2014-இல் வேறொரு தம்பி வந்து அதே கேள்வியைக் கேட்டான். “அண்ணா, இந்தக் கமெண்ட்டுல சொல்றது ஜாவா 6-க்குத்தானே? நாம 7-ல இருக்கோம். எடுத்துடட்டுமா?”

எடு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஒரு நாள் லாகை எடுத்து, வரியோடு ஒரு தடவையும் வரி இல்லாமல் ஒரு தடவையும் ஓட்டி, இரண்டு ஹீப் டம்ப்பையும் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்து காட்டினான். இரண்டிலும் பரிவர்த்தனை எண்ணுக்குப் பின்னால் 16 எழுத்து அர்ரேதான் இருந்தது. வரியையும் கமெண்ட்டையும் சேர்த்தே எடுத்தோம். கமிட் குறிப்பில் எந்த ஜாவா பதிப்பில் சோதித்தோம் என்பதை அவனே எழுதி வைத்தான்.